தாத்தா பார்த்த கொள்ளிவாய்ப் பிசாசு வெறும் மீத்தேன்தானா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தாவுக்குப் பூர்வீகம் பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு கிராமம். இளவட்டமாக இருந்தபோது ஒரு மார்கழி ராத்திரி, சேற்று நிலத்துக்கு அந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில் சிவப்பாக ஒரு நெருப்பு, அணைந்து அணைந்து எரிந்தபடி தன்கூடவே வந்தது என்று தாத்தா சொல்வாராம். அவர் நின்றால் அதுவும் நின்றதாம். கல்லூரியில் படிக்கும் தம்பி, "தாத்தா, அது மீத்தேன் கேஸ்" என்று சொல்லிவிட்டான். பெரியவர் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. இதில் யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

பேய் உண்டா இல்லையா என்று கேட்டிருந்தால் நான் பதில் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அது அவரவர் நம்பிக்கை. நீங்கள் கேட்டிருப்பது வேறு. தாத்தா கண்ணால் பார்த்தது எதுவாக இருக்கும், தம்பி சொன்ன விடை அதற்குப் பொருந்துமா? இரண்டாவதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: தம்பி சொன்னது பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தரும். ஆனால் தாத்தா சொன்ன காட்சிக்கு அது சரியாகப் பொருந்தவில்லை. அவன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.

நான் வடசென்னையில் மேல்நிலை வகுப்புகளுக்கு 31 வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் அம்மா பிறந்த ஊர் பொன்னேரிப் பக்கம். லீவு விட்டால் அங்கேதான். ஆக, கொள்ளிவாய்ப் பிசாசை முதலில் கதையாகக் கேட்டு, பிறகு பாடப் புத்தகத்தில் சமன்பாடாகப் படித்து, அப்புறம் பல வருடம் அதையே பிள்ளைகளுக்கு நடத்தியும் இருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் ஒரு இடம் நெருடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். கொள்ளி என்றால் எரிகிற கட்டை. அடுப்பில் இருப்பதும் கொள்ளிக்கட்டைதான், சிதைக்கு வைப்பதும் கொள்ளிதான். "கொள்ளி வைக்க ஒரு பிள்ளை இல்லையே" என்று அழுகிற ஊரில், வாயில் கொள்ளியோடு அலைகிற ஒன்று என்றால் அது எந்த இடத்திலிருந்து கிளம்பி வந்தது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சுடுகாட்டுப் பேயும் நெருப்புமாகச் சேர்த்துச் சொல்வது ரொம்பப் பழசு. நம் எண்ணூரில் கடலோடு கலக்கிற கொசஸ்தலை ஆற்றின் வழியே மேற்கே போனால் திருவாலங்காட்டுப் பக்கம் வரும். காரைக்கால் அம்மையார் பாடிய ஆலங்காடு அதுதான். அவர் பாட்டில் வரும் ஒரு பேய், கள்ளிச்செடிக் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, எரிந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்ளும். ஆனால் அம்மையாரின் பேய்க்குக் கொள்ளி அலங்காரச் சாமான். தாத்தா சொல்கிற கொள்ளிவாய்க்கு உருவமே கிடையாது, வெளிச்சம் மட்டும்தான். தலை எப்படி, கால் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாகச் சொல்ல மாட்டார். மோகினி என்றால் கொலுசு, மல்லிகைப்பூ, சுண்ணாம்பு கேட்பது என்று ஆளாளுக்கு வர்ணிப்பார்கள். கொள்ளிவாய்க்கு அதெல்லாம் இல்லை. இதனாலேயே பேய்க் கதைகளில் இதை மட்டும் நான் கொஞ்சம் தனியாக வைக்கிறேன். கற்பனையில் பிறந்ததாக இருந்தால் இந்நேரம் கை கால் முளைத்திருக்கும். யாரோ எதையோ நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள்.

சரி, மீத்தேனுக்கு வருவோம். தண்ணீருக்கு அடியில், காற்றுப் புகாத சேற்றில், மக்கும் இலைதழையை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடுகின்றன. இதில் சந்தேகமே இல்லை. 1776இல் இத்தாலியில் மஜ்ஜோரே ஏரியோரச் சேற்றைக் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திக் காட்டினார் வோல்ட்டா. மின்கலம் கண்டுபிடித்த அதே ஆள். நானும் ஒரு வருடம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை மாதவரம் பக்கம் ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் இதைச் செய்தேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் புனல், தண்ணீர் நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில், ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான் கருவி. கழியால் சேற்றைக் குத்தினால் கொப்புளம் கொப்புளமாக வரும். புனல் வழியாக ஏறிப் பாட்டிலில் இருக்கும் தண்ணீரைக் கீழே தள்ளும். முக்கால் மணி நேரத்தில் அரை பாட்டில் சேர்ந்தது. வாயை மூடிக் கரைக்குக் கொண்டுவந்து, திறந்து, தீக்குச்சியைக் காட்டினேன். "பப்" என்று ஒரு சத்தம். பின்வரிசையிலிருந்து ஒருவன், "இன்னா சார், ஒண்ணுமே தெர்ல!" என்றான். அவன் சொன்னது வாஸ்தவம். மீத்தேன் சுத்தமாக எரிந்தால் வெளிறிய நீலம். வெயிலில் கண்ணுக்கே தெரியாது. இரண்டாவது பாட்டிலைச் சட்டையால் மூடி நிழல் கட்டிக்கொண்டுதான் பார்த்தோம்.

நெருடல் இங்கேதான். குச்சியைக் கிழித்தது நான். ராத்திரி சேற்றில் கிழித்தது யார்? மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ள 500 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதோடு, காற்றில் அது சுமார் 5 முதல் 15 விழுக்காட்டுக்குள் இருந்தால்தான் எரியும். குறைந்தாலும் எரியாது, கூடினாலும் எரியாது. மார்கழிக் குளிரில், திறந்த வெளியில், இது இரண்டும் தானாக அமைவது எப்படி? இதற்குப் பழைய பாடப் புத்தகங்கள் பாஸ்பரசும் ஹைட்ரஜனும் சேர்ந்த பாஸ்பீன் என்ற வாயுவைக் கூப்பிடும். அழுகும் உயிர்ப்பொருளிலிருந்து பாஸ்பீன் வரும், அதோடு அதே இனத்தைச் சேர்ந்த டைபாஸ்பேன் துளியளவு கலந்திருந்தால் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும், அது மீத்தேனையும் கொளுத்தும் என்பது வாதம். டைபாஸ்பேன் தானாகப் பற்றும் என்பது உறுதி, ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். ஆனால் பாஸ்பீன் எரிந்தால் கெட்டியான வெள்ளைப் புகை வரும். எரியாமல் மிஞ்சும் வாயுவுக்கு அழுகின மீன், பூண்டு மாதிரி வாடை வேறு. தாத்தா புகையும் சொல்லவில்லை, வாடையும் சொல்லவில்லை. பாஸ்பீனைக் காற்றோடு மெதுவாகக் கலந்து, சூடில்லாத மங்கலான பச்சை ஒளி வரவழைத்துக் காட்டியும் இருக்கிறார்கள். அதிலும் நிறம் இடிக்கிறது. உங்கள் தாத்தா சிவப்பு என்கிறார்.

தீக்குச்சி யார் கையில் என்பதற்கு 2025இல் ஒரு புது விடை வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஜாரே குழுவினர் தண்ணீருக்குள் மீத்தேனும் காற்றும் கலந்த நுண்குமிழிகளை விட்டுப் பார்த்தார்கள். எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட குமிழிகள் நெருங்கும்போது அவற்றுக்கிடையே குட்டிக் குட்டி மின்னல்கள் வெட்டுகின்றன, அதில் மீத்தேன் ஆக்சிஜனோடு வினைபுரிந்து மெல்லிய ஒளி தருகிறது என்று வெளியிட்டார்கள். வெளிநெருப்பு இல்லாமலே நடக்கும் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனாலும் அது ஆய்வுக்கூடத்துக் குமிழி. ஏரிச் சேற்றில், அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவன் கண்ணில் படுகிற அளவுக்கு அது நடக்கிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று கேட்பார்களே, அப்படித்தான் இந்த மூன்று விளக்கங்களையும் பார்க்கிறேன். மூன்றிலும் எனக்கு முழுத் திருப்தி கிடையாது. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் தேவலை.

இதோடு இன்னொரு சிக்கல், இது பழவேற்காட்டுக்கே உரியது. எண்ணூர் கழிமுகத்துப் பக்கம் தண்ணீர் வற்றுகிற நேரத்தில் போனவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும், அழுகின முட்டை வாடை. அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. சல்ஃபேட்டைப் பயன்படுத்தி அந்த நாற்ற வாயுவை வெளியிடும் பாக்டீரியாக்கள் உப்புச் சேற்றில் முந்திக்கொள்வதால், மீத்தேன் உண்டாக்கும் கூட்டத்துக்கு அங்கே தீனி அவ்வளவாகக் கிடைக்காது. அதனால் உப்புக் கழியைவிட நன்னீர் ஏரி, நெல் வயல், தாமரைக் குளம் இவற்றில்தான் மீத்தேன் அதிகம். பழவேற்காட்டில் உப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும், உப்பு இறங்கும். கோடையில் ஏறிவிடும். தாத்தா பார்த்தது மார்கழி என்றால் மழைத் தண்ணீர் நின்ற காலம்தான், அது மீத்தேன் கட்சிக்குச் சாதகம். நின்ற இடம் வயலா, உப்புச் சேறா என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

கடலோரத்தில் ராத்திரி தெரிகிற இன்னொரு ஒளியும் உண்டு. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கத்துக் கடற்கரைகளில் அலை நீலமாக மின்னியதைப் படம் எடுத்து எல்லோரும் பகிர்ந்தார்களே, அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். தண்ணீர் கலங்கினால்தான் ஒளிரும், அதுவும் நீலம், அதுவும் தண்ணீரிலேயே. முழங்கால் உயரத்தில் எழும்பி நடக்காது. அதைத் தள்ளிவிடலாம்.

அப்படியானால் தாத்தா பார்த்தது எது? என் கணிப்பு, பெரும்பாலும் இன்னொரு மனிதன் கையில் இருந்த விளக்கு. இதைச் சொன்னால் தாத்தா தம்பியிடம் கோபித்ததைவிட என்னிடம் அதிகம் கோபிப்பார். ஆனாலும் காரணத்தைக் கேளுங்கள். ராத்திரியில் அந்தச் சதுப்பு ஒன்றும் ஆளில்லாக் காடு கிடையாது. ஏரிப் பாசனம் உள்ள ஊரில் மடைக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர் அரிக்கேன் விளக்கோடு போவார். இறால், நண்டு பிடிக்க ஆட்கள் சேற்றில் இறங்குவார்கள். மழை விட்ட ராத்திரியில் ஈசல் பிடிக்க விளக்கு வைப்பார்கள். இவர்களில் யார் விளக்கும் இடுப்புக்குக் கீழே, முழங்கால் உயரத்தில்தான் தொங்கும். வரப்புக்குப் பின்னால் இறங்கினால் மறையும், ஏறினால் தெரியும். பனைமர வரிசைக்கு அந்தப் பக்கம் நடந்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒருமுறை அணைந்து எரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் செம்மஞ்சள், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குச் சிவப்பாகத் தோன்றலாம்.

"கூடவே வந்தது" என்பதற்கும் கணக்கு இருக்கிறது. விளக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 100 மீட்டர் நடந்தாலும் அது இருக்கும் திசை 6 பாகைகூட மாறாது. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அதில் பாதிதான் நகர்கிறது. பக்கத்து மரமெல்லாம் பின்னால் ஓட, அது மட்டும் அப்படியே இருந்தால் கூட வருகிற மாதிரிதான் இருக்கும். ரயிலில் நிலா கூட வரவில்லையா? நின்றால் மரங்களும் நிற்கும், அதுவும் நின்றுவிடும். இதற்கு மேல், கும்மிருட்டில் தனியாகத் தெரிகிற ஒற்றைப் புள்ளி ஒளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவது போலத் தோன்றும். இது எல்லோர் கண்ணுக்கும் உள்ள குணம். விமானிகளுக்குப் பயிற்சியிலேயே இதைச் சொல்லி எச்சரிக்கிறார்கள். ஆக உங்கள் தாத்தா பொய் சொல்லவில்லை. நெருப்பைப் பார்த்தார், அது அணைந்து எரிந்தது, கூட வந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். தூரம்தான் தப்பு. அந்த இருட்டில் யாருக்கும் தூரம் பிடிபடாது.

எனக்கும் பிடிபடவில்லை. எட்டாவது படிக்கும்போது, தாய்மாமனோடு ஏரிக்கரை மேல் வந்துகொண்டிருந்தேன். கார்த்திகை முடிகிற சமயம், மழை விட்டிருந்தது, தவளைச் சத்தம் காதை அடைத்தது. மாமா சட்டென்று நின்று என் தோளைப் பிடித்தார். கலுங்குக்கு, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் இடத்துக்கு, அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம். மாமா ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், ஒன்று வலது கையில், ஒன்று இடது கையில். பிசாசுக்குச் செருப்பும் துடைப்பமும் இரும்பும் ஆகாது. பிறகு அந்த இரண்டு செருப்பையும் ஒரே கைக்கு மாற்றி, மடியிலிருந்து பீடி எடுத்துப் பற்ற வைத்தார். கை நடுங்கியதில் மூன்று குச்சி வீண். "திரும்பிப் பார்க்காதே, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏன்னு கேட்காதே, மூணு தரம் கூப்பிட்டாத்தான் மனுஷன்" என்றார். கரையை விட்டு இறங்கவே இல்லை. வீட்டுக்குக் குறுக்கு வழி அந்த வெளிச்சம் இருந்த சேற்றைத் தாண்டித்தான். நாங்கள் கரையோடு சுற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் கூடுதலாக நடந்து போனோம்.

வேதியியல் படித்த பிறகு நான் அதிகம் யோசித்தது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான். கதை சொன்ன விதிகளைப் பாருங்கள்: வெளிச்சத்தை நோக்கிப் போகாதே, கரையை விட்டு இறங்காதே, குரலை நம்பி இருட்டில் திசை மாறாதே. மழைக்காலத்தில் இடுப்பளவு புதைகிற சேறு இருக்கும் ஊரில் இதைவிட நல்ல யோசனை என்ன இருக்கிறது? தூரத்து விளக்கை வீடு என்று நினைத்து நேர்கோட்டில் நடந்தவன் சேற்றில்தான் கிடப்பான். இதை அந்தக் காலத்தில் யாரோ திட்டம் போட்டு உண்டாக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை, பயம் அப்படித் திட்டமிட்டு வருவதில்லை. வங்காளத்துச் சதுப்பில் 'ஆலேயா' என்ற வெளிச்சம் மீனவர்களைத் திசைதிருப்பும் என்பார்கள். குஜராத்தில் கட்ச் பக்கம், பன்னி புல்வெளியில் 'சீர் பத்தி' என்று ஒன்றைச் சொல்வார்கள். சேறும் இருட்டும் சேர்ந்த பல இடங்களில் ஏறக்குறைய இதே கதை இருக்கிறது.

கதையால் ஆதாயம் அடைந்தவர்களும் இருந்தார்கள் என்று எங்கள் ஊர்ப் பெருசுகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். 1971 வரை இங்கே மதுவிலக்கு. பனந்தோப்புக்குள் ஊறல் போட்டவர்களுக்கு, அந்தப் பக்கம் கொள்ளிவாய் உலாத்துகிறது என்ற பேச்சு கசந்தா இருந்திருக்கும்? இதற்கு என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை, திண்ணைப் பேச்சுதான். ஆனால் அடுப்பு எரிந்தால் வெளிச்சம் தெரியும், தெரிந்தால் பேர் வேண்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது.

இப்போது ஏன் யாரும் பார்ப்பதில்லை என்று உங்கள் கேள்வியின் கடைசியில் ஒரு வரி இருந்தது. படிப்பறிவு வந்ததால் என்று சொல்ல எனக்கு ஆசைதான், வாத்தியார் இல்லையா. ஆனால் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் ஓட ஆரம்பித்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல், அதற்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1994இல், துறைமுகம் 2001இல். ராத்திரி மணலிப் பக்கம் திரும்பிப் பாருங்கள், உயரமான குழாயின் வாயில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். மிச்ச வாயுவை வெளியே விட்டால் ஆபத்து என்று அங்கேயே எரிக்கிறார்கள். கொள்ளிவாய் என்ற பேர் அதற்குத்தான் அச்சாகப் பொருந்தும். கொடுங்கையூர் குப்பைமேட்டிலிருந்தும் அதே மீத்தேன்தான் கிளம்புகிறது. மக்கும் குப்பையிலிருந்து வரும் வாயுவில் பாதிக்குப் பாதி அதுதான், அங்கே தீப்பிடித்தால் அணைக்கப் படும் பாடு வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் வேறு நேரம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறது. வானமே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது ஓர் அரிக்கேன் விளக்கை யார் கவனிப்பார்கள்? கொள்ளிவாய் தெரிய வேண்டுமென்றால் முதலில் நல்ல இருட்டு வேண்டும்.

தாத்தாவிடம் சமாதானமாகப் போய் உட்கார்ந்து சில விஷயங்கள் கேளுங்கள். நின்ற இடத்துத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? நெருப்பு ஓர் இடத்திலேயே குதித்ததா, நடந்ததா? பக்கத்தில் பனை வரிசை இருந்ததா? நீலமோ பச்சையோ கலந்திருந்ததா, ஏதாவது வாடை வந்ததா, காற்று எந்தப் பக்கம்? நல்ல தண்ணீர், ஓர் இடத்திலேயே நீலமாகக் கொஞ்ச நேரம் என்று சொன்னாரானால், நான் மேலே சொன்னதை மாற்றிக்கொண்டு உங்கள் தம்பி கட்சிக்கு வந்துவிடுகிறேன். சிவப்பு, நடந்தது, பனை வரிசை என்றால் விளக்குதான்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒருமுறை பொன்னேரியில் அத்தையிடம், மாமா காலமான பிறகு, விலாவாரியாகச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்தபடியே முழுக்கக் கேட்டார். "மீத்தேனோ கீத்தேனோ, வெளக்கோ கிளக்கோ, எதுவா வேணா இருக்கட்டும்டா" என்றார். "அது ஏன் உங்க மாமன் பேரைச் சொல்லிக் கூப்புட்டுச்சு?" மாமா அன்றைக்கு அதை என்னிடம் சொல்லவே இல்லை.